காட்போட் மட்டையில் ஒரு கதிரை

தானாக உட்கார முடியாத ஒரு மாணவிக்காகக் காட்போட் மட்டையில் நான் செய்த கதிரை ஒரு தென்மேற்குப் பருவ மழையைத் தாண்டிவிட்டது. அடியில் பூஞ்சணம் பிடிக்கவில்லை, இருக்கை தொய்யவில்லை. கால் வைக்கும் பெட்டியின் ஒரு மர முளை மட்டும் லேசாக ஆடுகிறது. இனித் தைரியமாக எழுதலாம். உட்கார முடியாத ஒரு பிள்ளை அடுத்த தவணைக்கு வகுப்புக்கு வரப்போகிறது என்று தெரிந்து முழித்துக்கொண்டிருக்கும் ஆசிரியர் யாராவது இருந்தால், அளவும் செலவும் கையில் இருக்கட்டும்.

இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் நடுவில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தரம் 1 எடுக்கிறேன். புது வருடத்துக்குச் சேரவிருந்த பிள்ளைகளின் பட்டியலில் மூன்று பெயர்களுக்குப் பக்கத்தில் அதிபர் பென்சிலால் புள்ளி வைத்துக் கொடுத்தார். ஒரு பையனுக்குப் பார்வை குறைவு. ஒரு பெண்பிள்ளைக்குக் காது நன்றாகக் கேட்கிறது, பேச்சு வரவில்லை. மூன்றாவது பிள்ளைக்குப் பெருமூளை வாதம், அதாவது மூளைப் பாதிப்பால் உடம்பின் அசைவு கட்டுக்குள் வராத நிலை. ஆறு வயது, தானாக உட்கார முடியாது. வீட்டில் பாப்பா என்று கூப்பிடுகிறார்கள், நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன்.

"சேர்ப்பாங்களா டீச்சர்?" என்பதுதான் பாப்பாவின் அப்பா கேட்ட முதல் கேள்வி. அதற்கு முன் போன ஓரிடத்தில், இந்தப் பிள்ளைக்கு இங்கே வசதி இல்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் அனுமதிக்கும்போது பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. அதைச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, "சேத்துட்டா எங்க ஒக்கார வைப்பீங்க?" என்று கேட்டார். சட்டத்தை விட அந்தக் கேள்விதான் பெரிதாக இருந்தது.

நான் செய்து வைத்திருந்த ஆயத்தம் வேறு. எழுத்து அட்டைகள், லெமினேட் போட்ட படங்கள், மணலில் எழுதும் தட்டு, பெரிய எழுத்தில் ஒரு கதைப் புத்தகம் எல்லாம் தயார். பாப்பாவை முதலில் பார்த்தது பிள்ளைமடுவத்தில், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில். ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார வைத்து, துப்பட்டாவால் வயிற்றோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கொஞ்ச நேரம் பக்கத்தில் இருந்து பார்த்தேன். முதலில் இடுப்பு முன்னால் வழுக்கியது. கால் இரண்டும் தரையில் படாமல் விறைத்து நீண்டன. அதோடு தலை பின்னால் போனது, வலது கை பக்கவாட்டில் விறைத்தது. வயிற்றில் இருந்த துப்பட்டா மெல்ல மெல்ல மேலே ஏறி அக்குளுக்கு வந்துவிட்டது. இப்போது அவள் பார்த்துக்கொண்டிருந்தது கூரைத் தகரத்தை. நான் ஆனாவையும் ஆவன்னாவையும் அவள் முன்னால் பிடித்து என்ன பயன்? அட்டைகளை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். முதல் வேலை கதிரை.

ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு அவர்களோடு நானும் போனேன். அங்கிருந்த பிசியோதெரபி மிஸ் ஒரு துண்டுக் கடுதாசியில் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு உருவம் வரைந்து, மூன்று இடத்தில் சதுர மூலை போட்டுக் காட்டினார்: இடுப்பு, முழங்கால், கணுக்கால். மூன்றும் 90 பாகையில் மடிந்து, பாதம் முழுவதும் ஏதாவது ஒன்றில் படிய வேண்டும். இடுப்பு நின்றால் உடம்பு நிற்கும், உடம்பு நின்றால் கை இறங்கும் என்றார். கதிரையைச் செய்து கொண்டுவந்து காட்டாமல் பிள்ளையை அதில் பழக்க வேண்டாம் என்றும் சொன்னார். அந்தத் துண்டுதான் என் வரைபடம்.

அளவு எடுத்தது அவர்கள் இருக்கும் லயத்து (தோட்ட வரிசை வீட்டு) இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில். உட்கார வைத்து அளக்கப் பார்த்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு கணக்கு வருகிறது. பாயில் மல்லாக்கப் படுக்க வைத்து, இடுப்பையும் முழங்காலையும் மடித்து, பாப்பாவின் அம்மாயி (அம்மாவின் அம்மா) பிடித்துக்கொண்டால் சரியாக வருகிறது. முழங்கால் மடிப்புக்குப் பின்னால் தடித்த அட்டைப் புத்தகம் ஒன்றை நிறுத்தி, அதிலிருந்து தையல் நாடாவை இடுப்பின் பின்பக்கம் வரை இழுத்தேன். வலது கால் 28 செ.மீ., இடது கால் 27. இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும், சின்ன கணக்கைத்தான் எடுக்க வேண்டும். அதில் 2 செ.மீ. கழித்தால் இருக்கையின் ஆழம் 25. கழிக்காவிட்டால் இருக்கை விளிம்பு முழங்காலுக்குப் பின்னால் குத்தி, பிள்ளையை முன்னால் தள்ளும். பிளாஸ்டிக் கதிரையில் நடந்தது அதுதான்.

மற்றவை: முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரை, சப்பாத்தோடு, 26.5. இடுப்பு அகலம் 21. இருக்கையிலிருந்து முழங்கை 14, அக்குள் 25, தோள் 33. இடுப்பு அகலத்தோடு 2 செ.மீ. கூட்டினால் போதும் என்று கையேடுகளில் இருக்கும். அது வெயில் ஊர்க் கணக்கு. இங்கே காலையில் பிள்ளைகள் உள் சட்டை, யூனிபோர்ம், அதற்கு மேல் சுவெட்டர் என்று வருகிறார்கள். சுவெட்டரோடு அளந்தால் 24 வந்தது. உள் அகலம் 25 என்று முடிவு செய்தேன்.

டவுனில் தச்சு வேலை செய்பவரிடம் விலை கேட்டேன். பிளைவூட்டில் செய்தால் 18,000 ரூபாய், பூச்சு தனி. காட்போட் மட்டையையும் கடுதாசியையும் மா பசையால் அடுக்கி ஒட்டி, விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்குக் கதிரையும் நிற்கும் சட்டமும் செய்யும் முறை சிம்பாப்வேயில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் போயிருக்கிறது. படத்தில் பார்த்திருந்தேன். மட்டைக்குப் பஞ்சம் இல்லை. ஹட்டன் மொத்தக் கடைகளில் கேட்டால் அப்பிள் வந்த பெட்டிகளைத் தருவார்கள். மேல்மூடி முழுதாக அடிப்பெட்டியை மூடும் வகை, பிஸ்கட் பெட்டியை விட நல்ல கனம். ஈரம் பட்டதையும் எண்ணெய் பட்டதையும் எடுக்கக் கூடாது.

ஓகஸ்ட் விடுமுறையில் முதல் கதிரையைத் தொடங்கினேன். தென்மேற்கு மழை மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை இந்தப் பக்கத்து மலைகளில் நின்று பெய்யும். அது தெரிந்தும் அந்த மாதத்தை எடுத்ததற்கு ஒரே காரணம், விடுமுறை அப்போதுதான். இருக்கைக்கு எட்டு மட்டை, ஒரே மூச்சில் மா பசை தடவி அடுக்கி, மேலே பலகை போட்டுக் கல் ஏற்றினேன். பக்கச் சுவர்கள் ஐந்தைந்து மட்டை. நாலு நாள் போனதும் தொட்டுப் பார்த்தால் வெளியே காய்ந்திருந்தது. பொருத்தி, பேப்பர் ஒட்டி, மஞ்சள் பெயின்ற் அடித்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. செப்டெம்பர் முடிவதற்குள் புளித்த வாடை வந்தது. பிறகு விளிம்புகளில் சாம்பல் பச்சையாகப் பூத்தது. இருக்கையைக் கத்தியால் பிளந்தபோது நடு மட்டைகளுக்குள் விரல் இறங்கியது. தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் பெயின்ற் வேறு அடித்து மூடியிருக்கிறேன். மழையைத் திட்டிப் பயன் இல்லை.

பசையில் மயில்துத்தம் கலந்தால் பூஞ்சணம் வராது என்றார் ஒரு சக ஆசிரியர். உண்மைதான், ஆனால் அது நஞ்சு. பாப்பா கைக்குக் கிடைக்கும் எந்த விளிம்பையும் வாயில் வைக்கிறவள். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது கதிரைக்கு முறையை மாற்றினேன். மட்டைகளை எப்போதும் இரண்டிரண்டாகத்தான் ஒட்டுவது. ஒரு மட்டையின் அலைக்கோடு நெடுக்காக ஓடினால் அடுத்தது குறுக்காக ஓட வேண்டும், அப்போதுதான் எந்தப் பக்கமும் மடியாது. மட்டைக்கும் மட்டைக்கும் நடுவில் மா பசையை நிறுத்திவிட்டு, பைண்டர் கம் என்ற வெள்ளைப் பசையைக் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு இளக்கிப் பிரஷ்ஷால் மெல்லிசாகத் தடவினேன். ஒரு இரவு பாரம் ஏற்றி வைத்து, மறுநாள் எடுத்துக் காய வைத்து, இரண்டு ஜோடி நன்றாகக் காய்ந்த பிறகு அவற்றைச் சேர்த்து ஒட்டி மறுபடி காய வைத்தேன். நேரம் பிடிக்கும். வேறு வழி தெரியவில்லை.

காய வைக்கும் இடம்தான் பெரிய பாடு. ஒக்டோபர், நவம்பரில் காலையில் வெயில் அடிக்கும், பின்னேரம் இடியோடு கொட்டும். ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் தட்டுகளில் சூடான காற்று போகிறதே, ஒரு மூலையில் வைக்க விடுவார்களா என்று கேட்டுப் பார்த்தேன். முடியாது என்றார்கள். சரிதான், உணவுப் பொருள் போகும் இடத்தில் பசை மட்டையை எப்படி விடுவார்கள்? கடைசியில் பாப்பா வீட்டு அடுப்புக்கு மேலே, மிலாறு, அதாவது விறகுக்கான தேயிலைக் குச்சி, காய வைக்கும் பரணில் இடம் கிடைத்தது. நெருப்பிலிருந்து நாலு அடிக்கு மேல் உயரம், வீட்டில் ஆள் இருக்கும்போது மட்டும். புகை வாடை இன்றைக்கும் கதிரையை விட்டுப் போகவில்லை.

எப்போது காய்ந்தது என்று எப்படித் தெரியும்? தொட்டுப் பார்த்து நம்பக் கூடாது என்பது முதல் கதிரையில் தெரிந்துவிட்டது. பாப்பாவின் பெரியப்பா ஸ்டோரில் வேலை செய்தவர். "வாட்டுற கொழுந்த நிறுத்துப் பாக்குற மாதிரி இதையும் நிறுத்துப் பாருங்க டீச்சர்" என்றார். பச்சைக் கொழுந்தில் எவ்வளவு தண்ணீர் போயிருக்கிறது என்று எடையை வைத்துத்தான் பார்ப்பார்கள். தோட்டத்துக் கடையில் டிஜிட்டல் தராசு இருக்கிறது. இருக்கைப் பலகையை முதலில் வைத்தபோது 1.84 கிலோ. இரண்டு நாள் கழித்து 1.52. அப்புறம் 1.38, 1.32, 1.31. அடுத்த நாளும் 1.31. எடை இறங்காமல் நின்றால்தான் அடுத்த வேலை. ஒவ்வொரு பலகைக்கும் பின்னால் பென்சிலால் எடையும் திகதியும் எழுதி வைத்தேன். இந்தச் செய்முறையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

வெட்டும் கருவி பற்றி. கடையில் வாங்கிய பேப்பர் கட்டர் இரண்டு மட்டை கனத்தில் வளைந்து முறிந்தது. நேர் வெட்டுக்கு இரும்பு அடிமட்டம் வைத்து, அலகைப் பாதி மட்டும் நீட்டி, ஒரே கோட்டில் நாலைந்து தரம் மெதுவாக இழுத்தால் வருகிறது. வளைவுகளைப் பாப்பாவின் அப்பா பார்த்துக்கொண்டார். அவர் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். கத்தியைக் கல்லில் தீட்டி, கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, தன்னை நோக்கி ஒரே இழுப்பு. மூன்று செ.மீ. கனமான மட்டை, விளிம்பு நசுங்காமல் வந்தது. நான் முயற்சி செய்து மட்டையைக் கடித்துக் குதறி வைத்தேன், பிறகு கத்தியைத் தொடவில்லை.

ஆணி மட்டையில் நிற்காது. காய்ந்த மிலாறுக் குச்சிகளைச் சீவி, 8 செ.மீ. நீளத்தில் முளை செய்து, சூடாக்கிய கம்பியால் துளை போட்டு, பைண்டர் கம்மில் தோய்த்து அடித்தோம். தேயிலைக் குச்சி நல்ல வைரம், உடைவதில்லை. இருக்கையின் ஒவ்வொரு பக்கத்துக்கும் நாலு முளை, முதுகுப் பலகைக்கு மூன்று.

அதற்கு மேல் பேப்பர். பழைய பத்திரிகையைக் கத்தரிக்காமல் கையால் கிழிக்க வேண்டும், கிழித்த ஓரம் ஒன்றோடொன்று படிந்துவிடும். இங்கே மட்டும் மா பசை: ஒரு கோப்பை கோதுமை மாவை ஒரு கோப்பை பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, நாலு கோப்பை கொதிநீரில் ஊற்றிக் கண்ணாடி போல வரும்வரை கிண்டுவது. அன்றன்றைக்குத் தேவையானதை அன்றன்றைக்குக் காய்ச்ச வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பூச்சு, காய்ந்த பிறகு அடுத்தது. பத்திரிகை இரண்டு பூச்சு, கடைசிப் பூச்சுக்குத் தேயிலைச் சாக்கு. முன்பு பலகைப் பெட்டியில் போன தேயிலை இப்போது பல அடுக்குக் கடுதாசிச் சாக்கில் போகிறது. கிழிந்து ஒதுக்கிய சாக்கு இரண்டு கேட்டு வாங்கினேன். அந்தப் பழுப்புக் கடுதாசியின் உறுதி பத்திரிகைக்கு வராது. உள் பக்கம் பளபளவென்று பூச்சு உள்ள அடுக்கில் பசை ஒட்டாது, அதை உரித்துப் போட்டுவிடுங்கள்.

எனாமல் பெயின்ற் இரண்டு கை. டின்னில் ஈயம் இல்லை என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும், சொன்னேனே, விளிம்பைக் கடிக்கிற பிள்ளை. அடிப்பாகத்தை எல்லோரும் மறந்துவிடுவார்கள். வகுப்பறை சீமெந்துத் தரையைக் கழுவினால் மட்டை கீழிருந்து தண்ணீரை உறிஞ்சும். பழைய றப்பர் செருப்பை வெட்டி நாலு மூலையிலும் 1.5 செ.மீ. கனத்துக்கு ஒட்டினேன். கதிரை தரையில் வழுக்குவதும் அதோடு நின்றது.

பாப்பாவின் எடை 15 கிலோ. கதிரையில் முதலில் 25 கிலோ அரிசிச் சாக்கை ஒரு இரவு வைத்தோம். பிறகு பெரியப்பாவே உட்கார்ந்து ஆடிப் பார்த்தார். முனகியதே தவிர அசையவில்லை.

பொருத்திப் பார்த்த அன்று பாப்பா மறுபடி வழுக்கினாள். எல்லோர் முகமும் தொங்கிவிட்டது. கவனித்துப் பார்த்ததில் காரணம் பெல்ட். வயிற்றுக்குக் குறுக்கே கட்டினால் இடுப்பு அதற்கு அடியால் நழுவி வருகிறது. பெல்ட்டின் இரு முனையையும் இருக்கையும் முதுகும் சேரும் மூலைக்குக் கீழே இறக்கி, தொடை மடிப்பின் மேலாக, இருக்கையோடு ஏறத்தாழ 45 பாகை சரிவில் வரும்படி மாற்றினோம். அப்போது இடுப்பு பின்னாலேயே அழுந்தி நிற்கிறது. பழுதான புத்தகப் பையின் பட்டியும் கொக்கியும் போதும்.

முழங்கால்களுக்கு நடுவில் வரும் கட்டையிலும் ஒரு சங்கதி இருக்கிறது. முன்னால் வழுக்காமல் அது தடுக்கும் என்று நினைத்து உள்ளே தள்ளி வைத்திருந்தேன். பிசியோதெரபி மிஸ் பார்த்தவுடன் அதை முன்னுக்கு எடுக்கச் சொன்னார். முழங்கால்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் விலக்கி வைப்பது மட்டும்தான் அதன் வேலை. கவட்டில் இடித்தால் பிள்ளைக்கு வலிக்கும், வலித்தால் இன்னும் விறைக்கும். இப்போது முழங்காலுக்குக் கிட்டத்தில், 8 செ.மீ. அகலத்தில், பஞ்சு சுற்றி இருக்கிறது.

இருக்கையின் மேல் ஒரு அங்குலப் பஞ்சு போட்டிருக்கிறேன். அது அமுங்கும், ஆகவே முழங்கை உயரத்தைப் பிள்ளை உட்கார்ந்த பிறகு மறுபடி அளக்க வேண்டும். கதிரைக்கு முன்னால் வரும் தட்டு முழங்கையை விட 1 செ.மீ. உயரத்தில் நின்றபோது சரியாக வந்தது. அதற்கு மேல் போனால் தோள் காதுக்கு ஏறுகிறது, கீழே இறங்கினால் கூனுகிறாள். தட்டின் ஓரத்தில் 1.5 செ.மீ. வரம்பு, சாமான் உருண்டு விழாமல் இருக்க. இடது பக்கம் தட்டின் மேல் ஒரு கைப்பிடிக் குச்சி நட்டிருக்கிறது. அந்தக் கையால் அதைப் பிடித்துக்கொண்டால் உடம்பு ஒரு பக்கம் சாயாமல் நிற்கிறது, வலது கை வேலை பார்க்கிறது. நட்ட அன்று அவள் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தட்டில் கிடந்த சோளப் பொத்தியை மற்றக் கையால் தள்ளினாள். பொத்தி வரம்பில் முட்டித் திரும்பி வந்தது. மறுபடி தள்ளினாள். அவள் தலை நேராக இருந்தது, கண் பொத்தியோடு போய்ப் பொத்தியோடு வந்தது.

இருக்கையின் ஆழத்தை 30 ஆகச் செய்து, முதுகுக்குப் பின்னால் 5 செ.மீ. தலையணைப் பலகை ஒன்றைச் சொருகியிருக்கிறேன். பிள்ளை வளர வளர அதை மெல்லிசாக்கலாம். கால்பெட்டியும் அப்படித்தான்: 11.5 செ.மீ. உயரத்தில் ஒரே கட்டையாக இல்லாமல், பலகைகளாக அடுக்கி முளையில் நிறுத்தியது. கால் நீண்டால் ஒரு பலகையைக் கழற்ற வேண்டியதுதான். ஆடுகிறது என்று சொன்னது இந்த முளையைத்தான். கழற்றுவதற்காகப் பசை போடவில்லை, அதன் விளைவு.

செலவுக் கணக்கு: பைண்டர் கம் ஒரு கிலோ 900, கோதுமை மா 400, பெயின்ற் 1,150, பஞ்சு 650, வெல்குரோ 180, பெல்ட்டுக்கு 250, கிளினிக்குக்குக் கதிரையைக் கொண்டுபோக ஆட்டோவுக்கு 1,200. மொத்தம் 4,730 ரூபாய். முதல் கதிரையில் போனதை இதில் சேர்க்கவில்லை, சேர்க்க மனமும் இல்லை.

கதிரை வகுப்புக்கு வந்ததும் பிள்ளையை நாள் முழுக்க அதிலேயே வைத்துவிடலாம் என்று ஒரு ஆசை எல்லோருக்கும் வரும். கூடாது. அரை மணித்தியாலத்துக்கு மேல் ஒரே நிலையில் வைப்பதில்லை. பிறகு பாயில் பக்கவாட்டில் படுக்க வைத்து மற்றப் பிள்ளைகளோடு கதை கேட்க விடுகிறேன். தொடக்கத்தில் ஒவ்வொரு தடவையும் எடுத்த பிறகு தொடையின் பின்புறமும் முதுகெலும்பும் பார்ப்போம். சிவந்த தடம் இருந்து சீக்கிரம் மறையாவிட்டால் அந்த இடத்தில் பஞ்சு போதவில்லை என்று அர்த்தம். இடது இடுப்பில் அப்படி ஒரு தடம் வந்தது, பெல்ட்டின் அடியில் பழைய ஃபிளனல் துணி சுற்றியதும் வரவில்லை.

சரி, அலுமாரியில் பூட்டிய அட்டைகள் என்னவாயின? பாதி உதவவில்லை. படத்தைக் கையால் எடுத்துக் கொடுக்கும் விளையாட்டுக்காகச் செய்தவை அவை. பாப்பாவின் கை இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை, கண் வந்துவிட்டது. 45க்கு 30 செ.மீ. அளவில் தெளிவான பிளாஸ்டிக் தாள் ஒன்றை மட்டைச் சட்டத்தில் பொருத்தி, நாலு மூலையிலும் வெல்குரோ ஒட்டினேன். நடுவில் உள்ளங்கை அளவு ஓட்டை. அதை அவளுக்கும் எனக்கும் நடுவில் பிடித்து, ஓட்டை வழியாக அவள் கண்ணைப் பார்க்கிறேன். எந்த மூலையைப் பார்க்கிறாள் என்பது தெளிவாகத் தெரிகிறது. முதலில் வைத்த படங்கள் தண்ணீர், பாண், அம்மாயி, நாய். நாயும் அம்மாயியும் உண்மையான போட்டோக்கள், பெரியப்பாவின் போனில் எடுத்துப் பிரிண்ட் போட்டவை. இப்போது ஒரு மூலையில் அ, எதிர் மூலையில் ம. அம்மா என்று நான் சொன்னால் எது முதலில் வரும் என்று கேட்கிறேன். பத்துக்கு ஏழெட்டுத் தடவை சரியான மூலைக்குத்தான் பார்வை போகிறது.

இந்தச் சட்டத்தை அதிகம் பாவிப்பது பேச்சு வராத மற்றப் பெண்பிள்ளை. அவளுக்கென்று நான் இதைச் செய்யவே இல்லை. ஒரு இடைவேளையில் தானே எடுத்து, தண்ணீர்ப் படத்தில் விரலை வைத்து என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு ஓட்டை தேவையில்லை என்பதால் ஒரு மட்டைத் துண்டில் பதினாறு படம் ஒட்டிக் கயிறு கட்டிக் கழுத்தில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். பார்வை குறைந்த பையனுக்கு மிச்ச மட்டையில் ஒரு சாய்வுப் பலகை. 20 பாகை சரிவு, கீழே கொப்பி வழுக்காமல் ஒரு வரம்பு, தடித்த கறுப்பு மார்க்கரால் கோடு போட்ட கொப்பி. ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வைத்ததும் அவன் மூக்கு கொப்பியில் இடிப்பது குறைந்தது. அவனைப் பற்றி வேறு ஒரு நாள் எழுத நிறைய இருக்கிறது.

அடுத்த முறை என்ன மாற்றுவேன்? முளைத் துளைகளைப் பேப்பர் ஒட்டுவதற்கு முன்பே போட்டுவிடுவேன். பின்னால் போட்டதால் துளையைச் சுற்றிப் பெயின்ற் பெயர்ந்திருக்கிறது, ஈரம் போக அது வாசல். தட்டின் முன் விளிம்புக்குச் சைக்கிள் டியூப் சுற்றுவேன், கடித்த இடத்தில் பழுப்புக் கடுதாசி தெரிகிறது.

வீட்டுக்கும் ஒன்று வேண்டும் என்று அம்மாயி கேட்டிருக்கிறார். பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பரா அறையில் இந்தக் கதிரைக்கு இடம் கிடையாது. வீட்டில் எல்லோரும் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்கள், பாப்பா மட்டும் உயரத்தில் இருந்து என்ன செய்ய? கால் இல்லாமல், சுவர் மூலை வடிவத்தில் முதுகு வைத்து, தரையில் வைக்கும் இருக்கை ஒன்றுக்கு மட்டை வெட்டியாயிற்று. முதல் ஜோடி நேற்று 0.96 கிலோ இருந்தது, பரணில் கிடக்கிறது.

வகுப்பு வாசல் படி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. இரண்டு படி சேர்த்து 32 செ.மீ. ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற கணக்கில் சரிவுப் பாதை போட்டால் 3.84 மீற்றர் நீளம் வேண்டும், முன்னால் இருப்பது 2 மீற்றர் முற்றம், அதற்கப்பால் வடிகான். சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் திருப்பிக் கொண்டுபோனால் வரும் போலிருக்கிறது. எத்தனை பை சீமெந்து போகும் என்று அதிபர் கேட்டிருக்கிறார், மேசன் ஒருவர் சனிக்கிழமை வந்து அளக்கிறார். அதுவரை காலையில் அப்பா பாப்பாவை முதுகில் தூக்கி வருகிறார், மத்தியானம் பெரியப்பா வந்து கொண்டுபோகிறார்.